பூஜ்யத்தில் கிடந்த முள்

பழைய கார் விற்கும் இடத்தில் சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று நின்றது. அதன் வேகம் காட்டும் முள்ளுக்கு ஒரே ஏக்கம். முந்தைய சொந்தக்காரனிடம் இருந்தபோது ஒருநாள் தொட்ட இருநூறை இன்னொரு தடவை தொட்டுவிட வேண்டும்.

ஒருவன் வந்தான். “எவ்வளவு ஸ்பீடு போகும்?” என்றுதான் முதலில் கேட்டான். முள்ளுக்கு உயிர் வந்தது.

அவனே வாங்கினான். தினமும் ஆபீஸ் போகிற வழியெல்லாம் நெரிசல். முள் இருபதைத் தாண்டவில்லை.

“பொறுடா, ஞாயித்துக்கிழமை இருக்குல்ல,” என்றது பக்கத்தில் இருந்த, இன்ஜின் சுற்றைக் காட்டும் முள்.

ஞாயிறு வந்தது. அவன் வாசலில் வைத்துக் காரைப் பளபளவென்று துடைத்தான். அக்கம்பக்கத்தார் கூடினார்கள். கியர் போடாமல், நின்ற இடத்திலேயே ஆக்சிலரேட்டரை மிதித்தான். தெருவே அதிர்ந்தது. எல்லோரும் கைதட்டினார்கள்.

“உச்சியைத் தொட்டுட்டேன், பாத்தியா!” என்று பக்கத்து முள் துள்ளியது. வேக முள் பூஜ்யத்திலேயே கிடந்தது. அடுத்து வந்த ஞாயிறுகளும் அப்படியேதான் போயின.

கடைசியில் கார் மறுபடி விற்பனைக்கு வந்தது. வேறொருவன் உள்ளே எட்டிப் பார்த்தான். “எவ்வளவு ஸ்பீடு போகும்?”

“எந்திரிடா, கேக்குறான்!” என்று குதித்தது பக்கத்து முள்.

“கேக்குறதோட சரி,” என்ற வேக முள், பூஜ்யத்தின் மேல் தலையைச் சாய்த்துக்கொண்டது.