இளங்கீரனின் வருகை

முப்பது வருடம் கழித்துக் கூடிய கல்லூரி வகுப்பில், விளையாட்டாகத்தான் வருகைப் பதிவுக்குப் பெயர் கூப்பிட்டார்கள். நீதிபதியும் கோழிப்பண்ணை முதலாளியும் பையன்களைப் போல எழுந்து கைதூக்கினார்கள். "இளங்கீரன்" என்றதும் சுங்க அதிகாரி பரந்தாமனின் வாய் முந்திக்கொண்டது. விடுதியில் தூங்கும் நண்பனுக்காக அந்நாளில் தினமும் செய்ததுபோல, அவனுடைய கரகரத்த குரலிலேயே, "பிரசன்ட் சார்!" என்றார். கூடம் குலுங்கிச் சிரித்தது.

பின்வரிசையில் ஒரு பெண் தயங்கி எழுந்தாள். "நான் அவர் சம்சாரம். அவர் தவறி நாலு வருஷமாச்சு. சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன்."

பரந்தாமனுக்கு அது தெரியாது. படிப்பு முடிந்தபின் ஒருமுறைகூட இளங்கீரனுக்கு அவர் போன் செய்ததில்லை. தரையைப் பார்த்தபடி நின்றார். அவள் அருகில் வந்தாள்.

"அண்ணே, அச்சு அசல் அவர் குரல். இன்னொரு வாட்டி சொல்றீங்களா?"