பின் சீட்டு பெல்ட்

விற்கிறவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. துடைத்த பானெட்டையே திரும்பத் திரும்பத் துடைக்கிறார். அணைக்காத எஞ்சினின் அதிர்வில் கண்ணாடி மேல் விழுந்த மாலை வெயில் நடுங்குகிறது. வாங்க வந்தவன் தரையில் மண்டியிட்டு, மொபைல் வெளிச்சத்தில் ஜீப்பின் அடிவயிற்றைப் பார்க்கிறான். "என்னங்க இவ்வளவு நேரம்? நாலு வீலும் இழுக்குதுன்னு ஓட்டியே பாத்துட்டீங்க. இன்னொருத்தர் வேற வரேன்னிருக்கார்." அவன் வெளிச்சத்தை இன்னும் உள்ளே நீட்டுகிறான். பின் சீட்டில் உட்கார்ந்திருக்கும் அவன் மனைவி பெல்ட்டை வெடுக்கென்று இழுக்கிறாள். சட்டென்று பூட்டிக்கொள்ள வேண்டிய பட்டை, தாராளமாக வந்துகொண்டே இருக்கிறது. பாதிக்கு மேல் கறுப்பு போய்ப் பழுப்பு. காய்ந்த வண்டல் அவள் மடியில் பொடியாக உதிர்கிறது. "ஏங்க, இது வெள்ளத்துல மூழ்கின வண்டி," என்கிறாள் கணவனிடம். விற்கிறவருக்குச் சுருக்கென்கிறது. "வாய்க்கு வந்ததச் சொல்லாதீங்கம்மா. நான் வாங்கினதுலேருந்து இது ஒரு குட்டையில கூட எறங்கினதில்ல." "அப்ப நீங்க வாங்கறதுக்கு முன்னாடி." அவர் கையிலிருந்த துணி நிற்கிறது. சுற்றி வந்து, திறந்த கதவு வழியாகக் குனிந்து, அவள் மடியிலுள்ள மண்ணைப் பார்க்கிறார். "திடீர்னு பிரேக் போட்டா இது பிடிக்காதா?" "பிடிக்காது." "என் பொண்ணு தினமும் இந்த எடத்துலதான் உக்காந்து வரா," என்கிறார், யாரிடமென்று இல்லாமல். பட்டையைக் கையால் உள்ளே தள்ளிவிட்டு, வெடுக்கென்று இழுக்கிறார். வருகிறது. மறுபடி தள்ளி, பல்லைக் கடித்துக்கொண்டு இழுக்கிறார். வருகிறது.