பம்ப் இருந்த இடம்

"பெட்ரோல் பம்ப்பை இன்ஜின் பக்கத்துல மாட்டுன புண்ணியவான் யாரு அண்ணாச்சி? இதுக்குத் தள்ளத்தான் தெரியும், இழுக்கத் தெரியாது. டேங்குக்குக் கீழேல்லா வைக்கணும்? வெயில்ல பெட்ரோல் ஆவியாகி வண்டி நடுரோட்டுல நின்னிருக்குமே!" மெக்கானிக் மீரான் சிரித்தபடி, தேவசகாயத்தின் காரிலிருந்து வெடித்துப்போன பழைய குழாய்களை உருவி எறிந்தார். நின்றதுதான். சித்திரை வெயிலில், மலைப்பாதையில், பின்சீட்டில் மகள் பிரசவ வலியில் துடித்துக்கொண்டிருந்தபோது. தாயும் பிள்ளையும் ஆஸ்பத்திரி போய்ச் சேரவில்லை. விதி என்று ஊரே சொன்னது. தேவசகாயமும் ஒரு வருடமாக அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் உயிரோடு இருந்தார். பம்ப்பை அங்கே மாட்டியது அவரேதான், கைக்கு எட்டட்டும் என்று. மீரான் புதுக் குழாயைச் செருகி, பம்ப்பை டேங்குக்கு அடியில் வைத்து அளவு பார்த்தார். "இனி எந்த வெயில்லயும் நிக்காது." தேவசகாயம் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "வேண்டாம் பாய். இனி நிக்காம ஓடிட்டா, அன்னைக்கு நின்னது விதியில்லன்னு ஆயிரும்லா. பழைய இடத்துலயே மாட்டிருங்க."