அல்லிக்குளத்துத் தண்ணீர்

ஜீப் வாய்க்கால் மேட்டிலேயே நின்றுவிட்டது. அதற்கு மேல் வண்டி போகாது. சுகாதார அதிகாரி இறங்கி, கால்சராயைச் சற்றுத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, வரப்பு வழியே குளக்கரைக்கு வந்தார்.

முதலியார்பேட்டைக்கு வெளியே, வயல்கள் தொடங்கும் இடத்தில் இருந்தது அல்லிக்குளம். கரையில் தெருப் பெண்கள் எல்லோரும் நின்றிருந்தார்கள். அவர்களுக்கு முன்னால் அஞ்சலாட்சி.

அவளால்தான் அவர் வந்தார்.

பிரெஞ்சுக்காரன் கொடி இறங்கி மூன்று வருடம் ஆகியிருந்தது. இப்போது நம்ம ஆட்சி, போய்ச் சொன்னால் கேட்பார்கள் என்று தெருவில் எல்லோரிடமும் சொன்னவள் அவள்தான். கூட வர ஒருவருக்கும் துணிச்சல் இல்லை. தனியாகவே கடற்கரைப் பக்கம் இருந்த ஆபீசுக்கு நடந்தாள். வாசலில் பியூன் விரட்டினான். மறுபடியும் போனாள். அதிகாரி வெளியே வரும்வரை வெயிலில் நின்று, அவரை வழிமறித்துச் சொல்லிவிட்டுத்தான் திரும்பினாள்.

அவர் மறக்கவில்லை. வந்துவிட்டார்.

குளத்தின் நிலையை யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மில்லின் சாயப் பட்டறையிலிருந்து வந்த வாய்க்கால் அதில் விழுந்துகொண்டிருந்தது. அன்றைக்கு நீலம். முந்தின வாரம் சிவப்பு. கரையோரக் கோரை வேரோடு கறுத்துக் கிடந்தது. நடுவில் எங்கேயோ நாலைந்து அல்லி இலைகள், ஓரம் தீய்ந்து.

சாயப் பட்டறை வருவதற்கு முன்னால் விடிகாலையில் வந்து பார்த்தால் தண்ணீரே தெரியாது. கரைக்குக் கரை வெள்ளை அல்லி. இலைகளின் மேல் நீர்க்கோழி குஞ்சுகளோடு நடக்கும். கோடையில் பெண்கள் சேற்றில் இறங்கி அல்லிக்கிழங்கு பறிப்பார்கள். அவித்த கிழங்கின் மணம் தெருவெல்லாம் அடிக்கும். வாழ்க்கைப்பட்டு வந்த புதிதில் பிறந்த வீட்டு நினைப்பு வந்தால் அஞ்சலாட்சி இந்தப் படியில்தான் வந்து உட்காருவாள்.

பிறகு விரால் செத்து மிதந்தது. பக்கத்து வீட்டுச் செல்வாம்பாளின் சினைப்பசு இந்தத் தண்ணீரைக் குடித்துவிட்டுக் செத்த கன்றைப் போட்டது.

செல்வாம்பாள் இப்போது அஞ்சலாட்சியின் தோளை ஒட்டி நின்றிருந்தாள். அதிகாரிகள் முன்னால் பேச அவளுக்கு நாக்கு வராது. எனக்கும் சேர்த்து நீயே சொல்லிவிடு என்று வரும்போதே கேட்டுக்கொண்டிருந்தாள்.

கொஞ்சம் தள்ளி, பூவரச மரத்தடியில் மில் மேஸ்திரி கோவிந்தசாமி வெற்றிலை மென்றுகொண்டிருந்தார்.

அதிகாரி குனிந்து தண்ணீரை முகர்ந்தார். முகத்தைச் சுளித்தார். மில்காரர்கள் இதை வெறும் பாசி என்கிறார்கள், ஊர்க்காரர் ஒருவராவது என் எதிரில் நின்று சொன்னால் போதும், இன்றைக்கே வாய்க்காலை அடைக்க வைக்கிறேன் என்றார். பிறகு அஞ்சலாட்சியைப் பார்த்து, சொல்லும்மா என்றார்.

செல்வாம்பாள் அவள் முழங்கையை மெல்லத் தொட்டாள்.

அஞ்சலாட்சி குளத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"நல்ல தண்ணிதாங்க. அன்னைக்கி ஏதோ தெரியாம சொல்லிட்டேன்."

கரையில் நின்றவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அன்று என்னை வழிமறித்தது நீதானே என்று அதிகாரி கேட்டார். அவள் தலையசைத்தாள். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. அப்படியானால் இதை நீ குடிப்பாயா என்றார்.

குடிப்பாள் என்று அவர் நினைக்கவில்லை.

அஞ்சலாட்சி புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு படியில் இறங்கினாள். இரண்டு கையாலும் அள்ளினாள். விரலிடுக்கில் நீலம் ஒழுகியது. கண்ணை மூடிக்கொண்டு குடித்தாள்.

அதிகாரி அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். மரத்தடியில் நின்ற மேஸ்திரியைத் திரும்பிப் பார்த்தார். பிறகு வந்த வரப்பிலேயே நடந்தார்.

ஜீப் போனதும் பெண்கள் கலைந்தார்கள். யாரும் அவளை ஏசவில்லை. ஏசியிருந்தால் தேவலை. செல்வாம்பாள் மட்டும் சற்றுத் தூரம் போய் நின்றாள். ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுப் போய்விட்டாள்.

மேஸ்திரி வெற்றிலையைத் துப்பிவிட்டுப் படியருகே வந்தார்.

"உன் ஊட்டுக்காரன நாளைக்கிக் காலைல சங்கு ஊதறதுக்கு முன்ன வந்துடச் சொல்லு. ஆனா தறில எடமில்ல. சாயத் தண்ணிய இந்த வாய்க்கால்ல தொறந்து வுடறதுக்குத்தான் ஆள் வேணுமாம்."

அவள் ஆபீசுக்குப் போய்வந்த சேதி மில்லுக்கு எட்டிய அன்றே, அங்கே தறி ஓட்டிக்கொண்டிருந்த அவள் புருஷன் முருகையனை வாசலில் நிறுத்தித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். தெருவில் அவள் யாரிடமும் சொல்லவில்லை. தெரிந்தால் எல்லோரும் பயந்து பின்வாங்கிவிடுவார்கள் என்று, அவனும் தினம் தூக்குச்சட்டியோடு வேலைக்குப் போகிறவன் போலவே கிளம்பிப் போய், கடலூர் ரோட்டில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தான். ஏன் போய்ச் சொன்னாய் என்று அவளை ஒருநாளும் கேட்டதில்லை. நேற்றுக் காலை, பிள்ளைகளுக்கு ஊற்றியது போகக் கஞ்சி மிச்சமில்லை. வெறும் தூக்குச்சட்டியை மூடி எடுத்துக்கொண்டு போனான். சாயங்காலம் மேஸ்திரி வாசலில் வந்து நின்று, தண்ணீர் நல்லதென்று சொன்னால் வேலை திரும்பக் கிடைக்கும் என்றார்.

வாயெல்லாம் கசந்தது. துப்ப வேண்டும்போல் இருந்தது அவளுக்கு. மேஸ்திரி எதிரிலேயே நின்றுகொண்டிருந்தார்.

விழுங்கிவிட்டு, சரிங்க என்றாள்.