சத்தத்தை ஏத்துங்க

"ஏப்பா ஆப்பரேட்டரு, சவுண்ட ஏத்துப்பா."

பக்கத்து சீட்டுக்காரர் இதோடு நாலாவது தடவை எழுந்து கத்திவிட்டார். எனக்கும் எரிச்சல்தான்.

நாமக்கல்லில் டிக்கெட் கிடைக்காமல், பஸ் ஏறிப் பரமத்தி வேலூருக்கு மேட்னி பார்க்க வந்தவன் நான். படம் எண்பதுகளில் நடக்கிற கதை. தொப்பி, கறுப்புக் கோட்டு, மழையில் நனைந்த தெரு. ஹீரோ ஒரு கையில் கிட்டார், இன்னொரு கையில் துப்பாக்கியோடு வருகிறான். டிரம்ஸ் அடித்தால் நெஞ்சு அதிர வேண்டாமா? இங்கே அடுத்த வீட்டு டி.வி. மாதிரி கேட்டுக்கொண்டிருந்தது.

"மேனேஜர்கிட்ட எழுதிக் குடுத்துருவோமுங்க" என்று யோசனை சொன்னதே நான்தான்.

"அதுக்கு முன்னாடி மேல போயி ரெண்டுல ஒண்ணு கேட்டுட்டு வந்துருவோம், வாங்க" என்றார் அவர். பெயர் நந்தகுமாராம், உள்ளூர்க்காரராம்.

இன்டர்வெல்லில் மேலே ஆப்பரேட்டர் ரூமுக்குப் போனோம். ஆப்பரேட்டர் வேல்முருகனுக்கு எங்களைப் பார்த்ததுமே முகம் செத்துவிட்டது.

"ஏனுங்க, ஊமைப்படமா ஓட்டறீங்க?"

"சார், மேனேஜர்கிட்ட மட்டும் போயிடாதீங்க. இன்னொரு கம்ப்ளெயின்ட் வந்தா என் வேலை போயிடும். ரெண்டு பொண்ணுங்க படிக்குதுங்க."

"அப்ப ஏத்துங்க" என்றார் நந்தகுமார்.

வேல்முருகன் ஏற்றவில்லை. பின்பக்க ஜன்னலைத் திறந்தார்.

"இதைக் கேளுங்க சார்."

தியேட்டர் சுவரை ஒட்டி ஓர் ஓட்டு வீடு. உள்ளேயிருந்து ஒரு பெண்குரல், ஈனமாக.

"சாமி... இங்க வா சாமி..."

"நான் ஆத்தூர்க்காரன் சார். வந்து பத்து நாள்தான் ஆகுது. யார் வீடுன்னு தெரியாது. அந்தம்மா படுத்த படுக்கை போல. இந்த டிரம்ஸுக்கு ஓடெல்லாம் அதிருது, பயந்து அலறுறாங்க. சவுண்டைக் கொறைச்சா கொஞ்சம் அடங்குறாங்க. மனசு கேக்கலை சார்."

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

"கம்ப்ளெயின்ட்டும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். வாங்க போலாம்" என்று நந்தகுமாரின் தோளைத் தொட்டேன்.

அவர் நகரவில்லை. கையை நீட்டி அந்த ஜன்னலைச் சாத்தினார்.

"ஏத்துங்க" என்றார் மறுபடியும். இந்தத் தடவை கத்தவில்லை, கெஞ்சினார்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "என்ன மனுசனுங்க நீங்க? அங்க ஒரு உசிரு கெடந்து துடிக்குது. ரெண்டு பாட்டு சத்தமாக் கேக்கலீன்னா கொறஞ்சா போயிருவீங்க?"

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

"ஆறு மாசமா நான் ஒருத்தன்தானுங்க பாத்துக்கறேன். இருக்கறதுலயே சத்தமான படம் இதுதான்னு சொன்னாங்க. மூணு மணி நேரமாவது எங்கம்மா கூப்புடறது கேக்காம இருக்கட்டும்னுதானுங்க வந்தேன்."