பூஜ்யம் சதவீதம்

தனஞ்செயன் காட்டில் பதிவுசெய்து அனுப்பும் பறவைக்குரல்களை என் மனைவி சுகிர்தா ஹெட்போனில் கண்மூடிக் கேட்பாள். வேண்டாத சத்தங்களை நீக்கிச் சுத்தப்படுத்துவது அவள் வேலை. பறவை கூவுவதற்கு முன் அவனுடைய மூச்சு கேட்கும். அதை மட்டும் அவள் வெட்டாமல் வைத்திருப்பதை ஒருநாள் கவனித்தேன்.

அன்றே, வீட்டு இணையத்துக்குக் காவல் நிற்கும் ஃபயர்வாலில் ஒரு விதி எழுதினேன். வருகிற தகவல் பொட்டலம் பெரிதாக இருந்தால், 'நுழையாது, சிறிதாக்கி அனுப்பு' என்று அனுப்பிய இடத்துக்குப் பதில் போவது வழக்கம். என் விதி அந்தப் பதிலைத் தடுத்தது. அதன்பின் கோப்பின் பெயர் வந்தது, அளவு வந்தது, குரல் வரவில்லை. பூஜ்யம் சதவீதத்திலேயே சக்கரம் சுற்றியது.

"தனா, செண்பகம் கூவுறது இன்னும் வரலடா" என்று அவனுக்கே போன் செய்தாள். அதை அணைத்துப் பார், இதை மாற்றிப் பார் என்று அவன் சொல்லச் சொல்ல, தினமும் மாலையில் ஒரு மணி நேரம் பேச்சு ஓடியது.

ஆறாம் நாள் என்னிடம் வந்தாள். "நம்ம வீட்டு ஃபயர்வால்தான் ஏதோ பதிலை முழுங்குதாம். தனா கண்டுபிடிச்சிட்டான். கொஞ்சம் பாருங்களேன்."

"பாக்குறேன்" என்றேன். விதியை அழித்ததும் செண்பகம் முழுசாக இறங்கியது. இனி அவர்களுக்குப் பேச ஒன்றுமில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் மாலை அதே நேரத்துக்குப் போன் அடித்தது. எடுத்தாள். நான் கதவோரம் நின்றேன். அவள் பேசவில்லை. போனைக் காதில் வைத்தபடி கண்மூடியிருந்தாள்.