கிளையண்ணன் கை குடுக்கல

யாரைப் பார்த்துத் தூங்குமூஞ்சிங்கிற? இந்த உடம்போட நுரையீரல்ல கட்டி வளர்ந்ததுக்கு நான்தான் காரணம், என்னை அழிச்சிடணுமா? முதல்ல நடந்ததைக் கேளு.

நான் காவல் செல்லு. நானாப் போய் யாரையும் அடிக்க முடியாது. கிளை கிளையா கை நீட்டிட்டுத் திரியுற வேவு செல்லு ஒருத்தர் இருக்காரு, அந்தக் கிளையண்ணன்தான் உடம்பெல்லாம் சுத்தி, சந்தேகப்பட்ட ஆள்கிட்டருந்து ஒரு துணுக்கைக் கிள்ளிட்டு வந்து காட்டுவாரு. காட்டினா மட்டும் போதாது. இன்னொரு கையால என் கையை இறுக்கிப் பிடிக்கணும். பிடிச்சா ஆபத்து, அடின்னு அர்த்தம். பிடிக்கலன்னா அது நம்ம வீட்டு ஆளு, தொடாதேன்னு அர்த்தம். அந்தக் கட்டுப்பாடு இல்லன்னா நான் இதயத்தையே கடிச்சு வச்சிருப்பேன்.

அன்னிக்கு அவரு அந்தக் கட்டியிலருந்து கிள்ளிட்டு வந்து காட்டின துணுக்கு, நான் தேடுற அச்சுக்கு அப்படியே பொருந்திச்சு. "அண்ணே, கையைக் குடுங்க"ன்னேன்.

"பார்த்துட்டேல்ல? போய்ப் படு தம்பி."

"இது நம்ம ஆளு மாதிரி தெரியலண்ணே."

"என்னைவிட உனக்குத் தெரியுமோ?"

கை குடுக்கல. துணுக்கு பொருந்தியும் கை குடுக்காமப் போனா நாங்க மரத்துப் போயிடுவோம், எங்க பொறப்பு அப்படி. இப்ப அடிக்கத் தெம்பில்ல, வாய் மட்டும்தான் மிச்சம்.

அவருக்கு அத்தனை கை இருக்கே, ஒண்ணுகூடவா காலியா இல்ல? அந்தக் கட்டிப் பக்கம் போயிட்டு வந்ததிலேருந்துதான் மனுஷன் இப்படிக் குழையுறாரு.

என்னை அப்புறம் அழிச்சுக்கலாம். முதல்ல அவரைக் கூப்பிட்டு, காவல் செல்லுங்க கூடுற இந்த நிணநீர் முடிச்சு நடுவுல, எல்லா செல்லுக்கும் முன்னாடி நிறுத்து. அவரே வாயைத் திறந்து சொல்லட்டும்: அந்தக் கட்டி உங்க காதுல என்ன ஓதிச்சுண்ணே?